இரண்டு எடை, ஒரு லிட்டர்

என் அக்காவுக்கு வாரத்தில் மூன்று நாள் எடை பார்ப்பார்கள். செவ்வாய், வியாழன், சனி. டயாலிசிஸ் படுக்கையில் ஏறுவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி, கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு எடை மெஷின்மேல் ஏறி நிற்பாள். மூச்சைப் பிடித்தால் எடை குறைவாகக் காட்டும் என்று ஒரு நம்பிக்கை. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். "நீயே இப்படிப் பண்ணினா உன்கிட்ட படிச்ச பசங்க உருப்பட்டிருப்பாங்களா" என்று கேட்டால், "வாயை மூடிக்கிட்டு பையைப் பிடிடா" என்பாள்.

சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்குக் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். இரண்டு நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறிவிடும். தங்கின தண்ணீரெல்லாம் போன பிறகு இருக்க வேண்டிய எடையை டாக்டர் குறித்துக் கொடுப்பார். அதை டிரை வெயிட் என்பார்கள். அக்காவுக்கு ஐம்பத்திரண்டரை. அன்றைக்கு வந்த எடையிலிருந்து இதைக் கழித்தால், மெஷின் எத்தனை லிட்டர் எடுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்துக் கழித்தல் கணக்குத்தான். அந்தக் கழித்தலை மென்பொருளில் எழுதியவன் நான். அதில் என் அக்காவுக்கு இடது கை போயிற்று. ஒரு பெண்ணுக்கு வேலையும் நல்ல பேரும் போயிற்று. கையைத் திருப்பிக் கொடுக்க யாராலும் ஆகாது. பேரைத் திருப்பிக் கொடுக்க என்னால் ஆகும், என்னால் மட்டும்தான் ஆகும் என்று தெரிந்த பிறகும் நான் பல வாரம் சும்மா இருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி கீழ்க்கட்டளையில், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில். ஏழு பேர். நானும் கல்லூரியில் கூடப் படித்த என் கூட்டாளியும் சேர்ந்து ஆரம்பித்தது. சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்போம். ஊரில் எல்லோரும் எழுதுகிற மொழிகளில் எழுத மாட்டோம் என்று ஆரம்பத்திலேயே ஒரு வீம்பு. ஃபங்ஷனல் புரோகிராமிங் தான். வேலை கேட்டு வருகிற பிள்ளைகள் அந்த மொழியின் பேரைக் கேட்டு முழிப்பதைப் பார்க்க எங்களுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திமிர்தான், வேறென்ன.

தெரியாதவர்களுக்கு ஒரு வரியில் சொல்கிறேன். அந்த மொழியில் நாம் எழுதுகிற ஒவ்வொரு சின்ன வேலையும் ஒரு ஃபங்ஷன். அது எதை வாங்கிக்கொள்ளும், எதைத் திருப்பித் தரும் என்று அதன் தலையிலேயே எழுதிவிட வேண்டும். அதுதான் டைப். என் ஃபங்ஷனின் டைப் இது: ஓர் எடை வாங்குவேன், இன்னொரு எடை வாங்குவேன், லிட்டர் தருவேன். எடை கேட்கிற இடத்தில் நோயாளியின் வயதைக் கொண்டுபோய்க் கொடுத்தால், எழுதினதைப் படித்துச் சரிபார்க்கிற கம்பைலர் என்கிற நிரல் ஒத்துக்கொள்ளாது. சிவப்பாக நாலு வரி எழுதிக் காட்டி, நீ திருத்துகிறவரை அசையாது. அது வாயை மூடிக்கொண்டால் எல்லாம் பொருந்திவிட்டது என்று அர்த்தம். அப்படித்தான் நாங்கள் நம்பினோம்.

நம்பிக்கை முற்றி எங்கள் ஆபீசில் ஒரு வழக்கமே வந்துவிட்டது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்கும்போது தலையில் இருக்கிற டைப்பை மட்டும் படிப்போம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. "டைப் சரியா? கம்பைல் ஆச்சா? அனுப்பு" என்பான் கூட்டாளி. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உள்ளே இருப்பதையும் படிக்கலாமே என்று கேட்டபோது, "உள்ள எட்டிப் பாக்கறது அடுத்தவன் பாத்ரூமை எட்டிப் பாக்கற மாதிரிம்மா" என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வேறு மொழிக்காரர்கள் பாவம், பயந்து பயந்து ஒவ்வொரு வரியாகச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஆறு மணிக்கெல்லாம் வீட்டுக்குக் கிளம்பினோம்.

டயாலிசிஸ் நாலு மணி நேரம் ஓடும். சனிக்கிழமைகளில் நான் அக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். தாம்பரத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு ட்ரஸ்ட் நடத்துகிற மையம் அது. எட்டுப் படுக்கை. அங்கே ஓடியது எங்கள் மென்பொருள்தான். ஒவ்வொருவருக்கும் எத்தனை லிட்டர் எடுக்க வேண்டும் என்று அது ஒரு தாளில் பிரிண்டு எடுத்துக் கொடுக்கும். அக்காவுக்கு அதில் தாங்க முடியாத பெருமை. பக்கத்துப் படுக்கைக்காரரிடம் "அந்தப் பிரிண்டு என் தம்பி எழுதினது" என்று சொல்லாத நாள் கிடையாது. சர்ச்சில் பாஸ்டர் முதல்கொண்டு சொல்லி வைத்திருந்தாள். பொழுது போகாமல் ஒரு நாள் டைப் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள். நானும் வகுப்பு எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள், "ரெண்டுமே எடைதானே. முன்ன பின்ன மாத்திக் குடுத்தா உன் கம்பைலருக்கு எப்படிடா தெரியும்?" என்றாள்.

தெரியாதுதான். டிரை வெயிட்டுக்கு ஒரு டைப், அன்றைய எடைக்கு ஒரு டைப் என்று தனித்தனியாகப் பிரித்து வைத்திருந்தால் தெரியும். பத்து நிமிஷ வேலை. "அதெல்லாம் யாரும் மாத்த மாட்டாங்கக்கா" என்றேன்.

மாற்றினார்கள். எங்கள் ஆபீசிலேயேதான். எடைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு மையத்துக்குப் புதிதாக ஒரு திரை செய்து கொடுத்தோம். அதை எழுதியவர் என் ஃபங்ஷனைக் கூப்பிடும்போது டிரை வெயிட்டை முதலிலும் அன்றைய எடையை இரண்டாவதாகவும் கொடுத்துவிட்டார். இரண்டும் எடை. கம்பைலர் வாயே திறக்கவில்லை. டைப் சரி, கம்பைல் ஆச்சு, அனுப்பியாயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பல்லாவரம் சந்தை நாளில் ஜிஎஸ்டி ரோட்டில் வண்டி ஓட்டியவர்களுக்கு என் அப்போதைய மனநிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்மெட்டுக்குள் வியர்த்து ஊற்றியபடி நின்றிருந்தபோது மையத்தின் டெக்னீஷியன் ஃபோன் செய்தாள். கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வந்து போகிற பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். அக்காவுக்கு எப்போதும் ஊசி போடுகிறவள் அவள்தான். வேறு யாரையும் அக்கா கையைத் தொட விடமாட்டாள்.

"சார், புது பிரிண்டுல எல்லாருக்கும் மைனஸ்ல வருது சார். மைனஸ் ரெண்டு, மைனஸ் ஒண்ணேகால்னு. இன்னா பண்றது?"

"இன்னிக்கு மைனஸைக் கண்டுக்காதீங்க. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்" என்றேன்.

ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தேன். எங்கே மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள் என்று தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. எரிச்சலில் இருந்தேன், பசி வேறு. விடை எதுவானாலும் மைனஸ் குறியைத் தூக்கிவிடு என்று என் ஃபங்ஷனுக்குள் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தேன். மைனஸ் இரண்டு வெறும் இரண்டு ஆகிவிட்டது. எல்லோருக்கும் சரியான எண் வந்தது. டைப் மாறவில்லை. எடை, எடை, லிட்டர். கூட்டாளி அந்த வரியைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினான். டீ வருவதற்குள் முடிந்துபோன வேலை.

அந்த மைனஸ்தான் அந்த ஃபங்ஷனுக்கு இருந்த ஒரே வாய். ஒருவர் டிரை வெயிட்டுக்கும் கீழே வந்து நின்றால், இவரிடம் எடுக்க ஒன்றுமில்லை, தொடாதே என்று சொல்ல அதற்கு வேறு வழி கிடையாது. லிட்டர் தருவேன் என்று தலையில் எழுதியாயிற்று. லிட்டரைத் தந்தே ஆக வேண்டும். அதன் வாயை நான் அடைத்துவிட்டேன். டயாலிசிஸுக்கு வருகிறவர்கள் எல்லோரும் எடை ஏறித்தான் வருவார்கள், இறங்கி யார் வருவார்கள் என்று நினைத்தேனா என்றால், நினைக்கக்கூட இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் நான்தான் செய்தேன். முன்பெல்லாம் அந்த மையத்தில் டெக்னீஷியன்கள் கையால் கணக்குப் போட்டு ஒன்றிரண்டு தடவை குளறுபடி ஆகியிருந்தது. மென்பொருளைக் கொடுத்தபோது பயிற்சி நடத்தியது நான். "நீங்க யாரும் கணக்குப் போடாதீங்க. பிரிண்டுல வர்றதை அப்படியே மெஷின்ல வைங்க" என்று நாலு தடவை சொன்னேன். சுவரில் அறிவிப்பு ஒட்டச் சொன்னதும் நான்தான். பிரிண்டில் உள்ளதை மாற்றக் கூடாது, மாற்றினால் டாக்டர் கையெழுத்து வேண்டும் என்று லேமினேஷன் செய்து ஒட்டினார்கள்.

மழைக்காலம். அக்காவுக்கு இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் டயாலிசிஸைத் தள்ளிப் போடுவார்கள் என்று பயம். அந்த வியாழக்கிழமை வேறு ஓர் ஆஸ்பத்திரியில் மென்பொருள் ஏற்றிக்கொண்டிருந்தேன். அத்தான் கொண்டுபோய் விட்டுவிட்டு பேங்க் வேலையாகப் போய்விட்டார். எடை மெஷின் ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு காட்டியது. இருக்க வேண்டியதைவிட ஒரு கிலோ முந்நூறு கிராம் குறைவு. பிரிண்டில் ஒன்று புள்ளி மூன்று லிட்டர் எடு என்று வந்தது.

ஏற்கெனவே காய்ந்துபோன உடம்பிலிருந்து எடுத்தார்கள். மூன்றாவது மணி நேரத்தில் பிரஷர் தரைக்கு வந்துவிட்டது. வலிப்பு வந்தது. அங்கிருந்து ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு. பதினோரு நாள் ஐசியுவில் கிடந்தாள். பிழைத்தாள். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. என் முகத்தைப் பார்த்து வாயைத் திறப்பாள், ஒரு சத்தம் வரும், கண்ணில் தண்ணீர் வரும். நான் வெளியே வந்து நின்றுகொள்வேன்.

அத்தான் சாதுவான மனிதர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றைக்கு ஐசியு வாசலில் கத்தினார். "டிரை வெயிட்டுக்குக் கீழ வந்து நிக்கிறா, கண்ணு எங்க வெச்சிருந்தா அந்தப் பொண்ணு? இதையே தொழிலா படிச்சவ தானே? மச்சான், உனக்குத்தான் நல்லா எழுத வரும். எழுது. அவ இன்னொருத்தர் மேல கை வெக்கக் கூடாது."

எழுதினேன். காரிடார் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அலட்சியம் என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வரும். கண்ணெதிரே தெரிந்த எடையைக்கூடக் கவனிக்காதவர் என்று எழுதினேன். பிரிண்டில் என்ன எண் வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. பிரிண்டில் தப்பு வராது என்பது எனக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது. அத்தான் கையெழுத்துப் போட்டார், கீழே நானும் போட்டேன். ஒரு வாரத்துக்குள் அவளை அனுப்பிவிட்டார்கள். அக்கம்பக்கத்து மையங்கள் எதிலும் அவளை எடுக்காதபடி சொல்லியும் வைத்தார்கள் என்று கேள்விப்பட்டோம். எனக்கு அப்போது திருப்தியாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, திருப்தியாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து இன்ஷூரன்ஸுக்காக மையத்திலிருந்து பேப்பர்கள் வந்தன. வரிசைப்படுத்தித் தரச் சொல்லி அத்தான் என்னிடம் கொடுத்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆபீசில் பிரித்தேன். நான் வடிவமைத்த அதே தாள். வந்த எடை 51.2, டிரை வெயிட் 52.5, எடுக்க வேண்டியது 1.3 லிட்டர். எழுத்துக் கோணாமல், அழகாக, நடுவில் கட்டம் போட்டு.

அந்தப் பெண் டிரை வெயிட்டைத் தப்பாக ஏற்றியிருப்பாள் என்று கடைசியாக ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். அவள் சரியாகத்தான் ஏற்றியிருந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து என் ஃபங்ஷனுக்குள் போனேன். நான் சேர்த்த அந்த ஒரு சொல் அங்கேயே இருந்தது, பக்கத்தில் என் பேரும் தேதியும்.

முதலில் செய்தது திருத்தம். மற்ற ஏழு படுக்கைகளிலும் ஆட்கள் படுத்திருந்தார்கள். இரண்டு எடைக்கும் தனித்தனி டைப் கொடுத்தேன். மாற்றிக் கொடுத்திருந்த இடத்தைக் கம்பைலர் அந்த நொடியே பிடித்துக் காட்டியது. பிறகு தலையில் இருந்த வாக்கை மாற்றினேன். லிட்டர் தருவேன் என்பதை, லிட்டர் தருவேன் அல்லது எடுக்காதே என்பேன் என்று ஆக்கினேன். கம்பைல் போட்டேன். திரை முழுக்கச் சிவப்பு. இருபத்தேழு இடம். எடுக்காதே என்று விடை வந்தால் என்ன செய்வது என்று யாரும் யோசிக்காத இருபத்தேழு இடம். பிரிண்டில் ஒன்று, நர்ஸ் பார்க்கும் திரையில் ஒன்று, டாக்டருக்குப் போகிற குறுஞ்செய்தியில் ஒன்று. ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தேன். அந்தக் கம்பைலர் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அது என்ன செய்யும். நான் கேட்காத கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்லும்.

கூட்டாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதல் தடவையாக அவன் உள்ளே எழுதியிருப்பதைப் படித்தான். கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அக்காவுக்கு இப்படி ஆனதுக்கு நான் எவ்ளோ வருத்தப்படறேன்னு உனக்கே தெரியும். ஆனா இதை அடுத்த வெர்ஷனோட சேர்த்து அனுப்பிடு. சின்னத் திருத்தங்கள்னு போடு. காரணம் எழுதாதே."

"அந்தப் பொண்ணு?"

"அந்தப் பொண்ணு எடையைப் பாத்திருக்கணும்ல? பிரிண்டுக்கு அடியில டாக்டர் சரிபார்க்கவும்னு நாம போட்டிருக்கோம்டா. ஏழு குடும்பம் இந்த மாடியை நம்பிக் கெடக்குது."

சின்னத் திருத்தங்கள் என்றே போட்டு அனுப்பினேன். அவனைக் குறை சொல்லி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. அவன் சொன்னான், நான் செய்தேன். அவன் சொல்லாமல் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். அப்புறம் வாரங்கள் போயின. காலையில் எழுந்தவுடன் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். பல் தேய்த்து முடிப்பதற்குள் அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் உடம்பு தேறட்டும் என்று தோன்றிவிடும். அக்கா உடம்பையே எனக்குச் சாக்காக்கிக்கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

அக்காவைப் பல்லாவரத்தில் வேறு மையத்துக்கு மாற்றியிருந்தோம். பேச்சுப் பயிற்சி கொடுக்க ஓர் அம்மா வீட்டுக்கு வந்து போனார். முதலில் தண்ணி, போதும் என்று ஒற்றைச் சொற்கள் வந்தன. பிறகு ஆட்கள் பேர் வந்தது. எண்கள் சீக்கிரம் வந்துவிட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் சர்ச்சுக்குப் போயிருந்தபோது சேலையூர் வீட்டில் நான் அவளுக்கு இட்லி பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் கையைத் தள்ளிவிட்டு, சொல் சொல்லாகக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு... எங்க? புது எடத்துல... வேற யாரோ குத்தறாங்க. வலிக்குது."

"அவளை அனுப்பிட்டாங்கக்கா."

"ஏன்?"

"நாங்கதான் எழுதிக் குடுத்தோம். எடையைக் கவனிக்கலைன்னு."

அக்கா தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை என்று ஆட்டிக்கொண்டே இருந்தாள். சொல் கிடைக்காமல் வலது கையால் கட்டில் விளிம்பைத் தட்டினாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"கவனிச்சா. கேட்டா. டீச்சர், வெயிட் கம்மியா... இருக்கு. பிரிண்டு எடுக்கச் சொல்லுது. டாக்டர் ஃபோன் எடுக்கல. தண்ணி எடுக்காம... சும்மா ஓட்டட்டுமான்னா. நான்தான்..." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நான்தான் சொன்னேன். என் தம்பி எழுதினது. தப்பா போடாது. போடுன்னேன்."

இட்லித் தட்டைக் கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோன் வந்ததை, மைனஸை எடுத்ததை, சின்னத் திருத்தங்கள் என்று போட்டதை. அழுதுகொண்டே சொன்னேன், ஒழுங்காகச் சொன்னேனா என்று தெரியாது. அவள் முழுதும் கேட்டாள்.

"மாத்திக் குடுத்தாங்களா?" என்றாள்.

"ஆமாக்கா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் எழுந்து தட்டைக் கழுவிவிட்டு வந்தபோது, திரும்பாமலே, "அவகிட்ட போய்ச் சொல்லு" என்றாள்.

முகவரி கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கூடுவாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து உள்ளே, புதிதாகப் பிரித்த மனைகளைத் தாண்டி, ஒரு சந்தில் மாடிப் போர்ஷன். கதவைத் திறந்தது அவள் அம்மா. நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மா வழி விடவில்லை.

"இன்னாத்துக்கு வந்துகீற? எழுதிக் குட்த்தது பத்தலையா? அவ இப்போ துணிக்கடைல நின்னுகினு பொடவை மடிக்கிறா. அதையும் கெடுக்கணுமா?"

"இல்லம்மா. தப்பு என்னோடதும்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளேயிருந்து அவள் வந்தாள். அன்று அவளுக்கு வார விடுமுறை. மெலிந்திருந்தாள். "உட்காருங்க சார்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். முதலில் கேட்டது, "டீச்சர் எப்படி இருக்காங்க?" என்றுதான். பேச ஆரம்பித்துவிட்டாள் என்றதும் கண்ணை மூடி, "தேங்க் காட்" என்றாள்.

நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"மைனஸ் வருதுன்னு உங்களுக்கு ஃபோன் போட்டது நான்தானே சார்" என்றாள். "அப்புறம் மைனஸ் வரவே இல்ல. டீச்சருக்கு அப்படி ஆனதும் எனக்கு அதான் தோணிச்சு. நாம பேசாம இருந்திருந்தா மைனஸ் இருந்திருக்கும், பிரிண்டை நம்பாம விட்ருப்போமே, நாமதான் ஃபோன் பண்ணிக் கெடுத்துட்டோம்னு நெனச்சுகினே இருந்தேன் சார் இத்தினி நாளா."

"ஃபோன் பண்ணினது சரிம்மா. அதுதான் நீ செய்ய வேண்டியது. நான்தான்..."

"அப்போ அதை எழுதிக் குடுங்க சார்."

அவள் இதைக் கேட்பாள் என்று தெரிந்தேதான் போயிருந்தேன். இருந்தும் என் வாயில் வந்தது இதுதான்: "கண்டிப்பா. கம்பெனில என் பார்ட்னரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"என்மேல எழுதும்போது யாரைக் கேட்டீங்க சார்?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியதுபோல் கேட்டாள். அவள் அம்மா ஒரு ரூல் போட்ட நோட்டையும் பேனாவையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

எழுதினேன். மென்பொருளில் இருந்த பிழையால் தவறான அளவு அச்சாகிவிட்டது, டெக்னீஷியன் சந்தேகப்பட்டு டாக்டரை அழைத்தார், அவர்மீது எந்தக் குற்றமும் இல்லை, நாங்கள் கொடுத்த புகாரைத் திரும்பப் பெறுகிறோம் என்று ஒரு பக்கம். அவள் வாங்கி, உதட்டை அசைத்துப் படித்தாள். இரண்டாவது முறையும் படித்தாள்.

"இதை யார் எழுதினதுன்னு இதுல இல்லையே சார். படிக்கறவங்க ஏதோ கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னுதான் நெனப்பாங்க. பட்டனை நான்தான் ஏதோ தப்பா அமுக்கிட்டேன்னு சொல்வாங்க."

அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அந்த மென்பொருளை எழுதியவன் நான், அந்த மைனஸ் குறியை எடுத்தவன் நான், நோயாளியின் தம்பியும் நான், முந்தைய புகாரை எழுதியவனும் நான். தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். ஃபோன் நம்பரையும் போடச் சொன்னாள், போட்டேன்.

மையத்துக்கு இதன் நகலை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன் என்றேன். அவளை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்வேன் என்றேன். "அங்க ஆள் போட்டுட்டாங்க சார்" என்றாள். எழுந்து பீரோவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தாள். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிப்ளமோ, பயிற்சிச் சான்றிதழ் எல்லாம் ஒவ்வொரு உறையில் இருந்தன. கடைசியில் காலியாக இருந்த உறையில் என் தாளை மடிக்காமல் நுழைத்து, ஓரம் நீட்டிக்கொண்டிருந்ததை விரலால் உள்ளே தள்ளினாள்.

"இனிமே எந்த இன்டர்வியூக்குப் போனாலும் சர்டிபிகேட்டோட சேர்த்து இதையும் காட்டணும், இல்ல சார்?"

ஆமாம் என்றேன்.